ராஜாஜி சொன்னதும் செங்கல்பட்டு சொன்னதும்

பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் காலையில் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து போன் வந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்ன பையன், இப்போது தாத்தா ஆகிவிட்டான். மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்.

"டீச்சர், பொறந்த ஒடனே கைல போடுவாங்களே ஒரு ஊசி, அது இன்னும் போடல. அன்னிக்கு இன்னும் ரெண்டு கொழந்தை சேரட்டும், அப்புறம் வாங்கன்னு சொல்லிட்டாங்க. இப்ப போலாம்னா, போடாதீங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துக்குது. ராஜாஜியே வோணாம்னு சொல்லிக்கிறாராமே, நெஜமா டீச்சர்?"

அதே செய்தி இரண்டு நாள் முன்னால் நம் குடும்பக் குழுவிலும் வந்திருந்தது. கைத்தடியோடு ராஜாஜி படம். கீழே மூன்று வரி. ஒன்று, பி.சி.ஜி. ஊசியை 1955லேயே ராஜாஜி எதிர்த்தார். இரண்டு, செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள், பயன் இல்லை என்று தெரிந்தது. மூன்று, அப்படியிருந்தும் நம் குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள், இது மோசடி. நம் வீட்டுப் பிள்ளைகளே நான்கைந்து பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.

"பொய்ப்பா, போய் ஊசி போடு" என்று ஒரு வரியில் சொல்லி போனை வைத்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் அந்த மூன்று வரியில் முதல் இரண்டும் உண்மை. முழுப் பொய்யைச் சமாளிப்பது சுலபம். முக்கால் உண்மையில் கால் பொய்யைக் கலந்து கொடுத்தால் படித்தவர்களே ஏமாறுவார்கள். அதனால் அவனிடம் அரை மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசநோய் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எலும்புருக்கி என்று சொல்வார்கள். எங்கள் பாட்டி அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டாள், "அந்த வியாதி" என்பாள். சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம், 1946ல், போர் குழு என்று ஒன்று நாட்டின் சுகாதாரத்தை எப்படிச் சீர்திருத்துவது என்று பெரிய அறிக்கை கொடுத்தது. அதில் காசநோயாளிகள் 25 லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். நாடு முழுக்க அவர்களுக்கு இருந்த படுக்கைகள் சுமார் 6,000. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நானூறு பேருக்கு ஒரு படுக்கைகூட இல்லை. நம் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம். 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது, பிறகு அரசு எடுத்துக்கொண்டது. மின்சார ரயிலில் போகும்போது அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அவ்வளவு ஆஸ்பத்திரி கட்டப் பணம் இல்லை. அப்போதுதான் பி.சி.ஜி. வருகிறது. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் 13 வருஷம் பாடுபட்டு, மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனப்படுத்தி எடுத்த மருந்து. 1921ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் 1948ல் மதனபள்ளியில் போட ஆரம்பித்தார்கள். அதே வருஷம் நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மருந்து தயாரிக்கும் கூடம் வந்தது. 1951லிருந்து நாடு முழுக்க இயக்கமாக நடந்தது. அதற்குத் துணையாக நின்றவர் மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர்.

எதிர்ப்பு நம் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. முதலில் ஏ.வி.ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர். சாக்கடை, குடிநீர் வேலையெல்லாம் பார்த்தவர். பத்திரிகை நடத்தி, விடாமல் எழுதினார். பிறகு 1955ல் ராஜாஜியே களத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 76. முந்தைய வருஷம்தான் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியிருந்தார். பி.சி.ஜி.யை நான் ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் பிரசுரமே போட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தவர் என்ற வகையில் ராஜாஜி மேல் எனக்கு வருத்தம் உண்டு. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றால் இந்தப் போன் செய்த பையன் என் வகுப்புக்கு வந்திருக்கவே மாட்டான். ஆனால் அந்தக் கோபத்தை இந்த விஷயத்தில் கலந்தால் நானும் அந்த வாட்ஸ்அப்காரன் செய்ததையே செய்தவள் ஆவேன். பிடித்தவர் சொன்னால் சரி, பிடிக்காதவர் சொன்னால் தப்பு என்று போய்விடும். ஆகவே அவர் சொன்னதைப் பிரித்துப் பார்ப்போம்.

நல்ல உடம்போடு இருக்கும் குழந்தைக்குள் உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறார்கள் என்றார். உண்மை. பி.சி.ஜி. பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமிதான். பயன் தீர்மானமாக நிரூபிக்கப்படாமல் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடலாமா என்று கேட்டார். அன்றைய நிலையில் நியாயமான கேள்வி. மதனபள்ளியில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது, முடிவு வரவில்லை. இங்கிலாந்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து 1950ல் தொடங்கிய ஆய்வின் முதல் முடிவு 1956ல்தான் வந்தது. அதில் நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்பு என்று தெரிந்தது. ராஜாஜி எழுதியது அதற்கு முந்தைய வருஷம். அமெரிக்காவோ நாடு முழுக்கப் போடும் வழிக்கே போகவில்லை. பெற்றோர் சம்மதம் பற்றியும் அவர் கேட்டார். கட்டாயமில்லை என்பது அரசின் பதில். வாத்தியார் வேலை பார்த்த எனக்குத் தெரியும், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துச் சட்டைக் கையை மடிக்கச் சொன்ன பிறகு அதில் எவ்வளவு விருப்பம் மிச்சம் இருக்கும் என்று.

நல்ல சாப்பாடு, காற்றோட்டமுள்ள வீடு, சுத்தமான சுற்றுப்புறம், இவையெல்லாம் காசநோயைக் குறைக்கும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னதும் உண்மையே. ஏழையின் வியாதி அது. எங்கே தவறினார்கள் என்றால், ஊசி பெரிய ஆபத்து என்று பயமுறுத்திய இடத்தில். பி.சி.ஜி.யை எதிர்ப்பவர்கள் உலகம் முழுக்க எடுத்துக்காட்டுவது ஜெர்மனியின் லூபெக் நகரத்தை. 1930ல் அங்கே 72 குழந்தைகள் இறந்தார்கள். கொடுமை. ஆனால் விசாரணையில் வெளிவந்தது என்ன? அங்கே மருந்து தயாரித்த இடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. பி.சி.ஜி. கிருமி தானாக வீரியம் பெறவில்லை. இது 1955க்கு இருபது வருஷம் முன்பே தெரிந்த செய்தி. நோய் எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே மிகவும் குறைந்த சில குழந்தைகளுக்கு இந்த ஊசி ஆகாது, அதையும் மறைக்கக் கூடாது. அதை டாக்டர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அரசுத் தரப்பு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. "இதுவரை தெரிந்தது இவ்வளவு, இனி தெரிய வேண்டியது இவ்வளவு" என்று ஜனங்களிடம் சொல்லும் பழக்கம் அன்றும் இல்லை. ஊசி போட்டால் காசநோய் ஒழிந்தது என்ற எண்ணத்தை வளர விட்டார்கள். பின்னால் அதுவே அவர்களுக்கு வினையாக வந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதை. மூத்த உறவுகளுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மீஞ்சூரில் கருவாட்டு வியாபாரம். கதர் கட்டுவார். கடையில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பார், சுற்றி நாலு பேர் கேட்பார்கள். ராஜாஜி என்றால் அவருக்குத் தெய்வம். 1955ல் பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர்கள் வந்தபோது பெரிய அக்காவையும் அண்ணனையும் அனுப்பவில்லை. அண்ணனுக்கு அப்போது இரண்டு வயது. "பெரியவர் வேண்டாம் என்கிறார், நமக்கு எதற்கு" என்றாராம். அப்போது தாத்தா வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தார். பேரன் அவர் பக்கத்தில்தான் படுப்பான்.

1957ல் அண்ணனுக்குக் காய்ச்சல். முதலில் சோர்வு, பிறகு வாந்தி, பிறகு கழுத்து விறைத்துக்கொண்டது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் காசநோய் என்றார்கள். பத்தாம் நாள் போய்விட்டான். நாலு வயது. அதற்கப்புறம்தான் தாத்தாவின் சளியைச் சோதித்தார்கள். எங்கள் வீட்டுத் தெருப்பக்கம் ஒரு வருஷம் யாரும் வரவில்லை என்று அம்மா சொல்வாள்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா? பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் கவனமாகப் பேச வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு வரும் இந்த மூளைச் சவ்வுக் காசநோயை பி.சி.ஜி. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தடுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். என் அண்ணன் அந்த எழுபதில் இருந்திருப்பானா, மிச்ச முப்பதில் இருந்திருப்பானா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஊசி போடாததால்தான் செத்தான் என்று நான் சொன்னால் அதுவும் மிகைதான். அம்மா மட்டும் அப்பாவிடம் அதைச் சொல்லிக் காட்டினாள், சாகும் வரைக்கும்.

அப்பா ராஜாஜி படத்தைக் கழற்றவில்லை. ஆனால் 1960ல் நான் பிறந்த பிறகு, ஊசி போடுகிறவர்கள் பொன்னேரிக்கு வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரே என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போனாராம். என் இடது கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

சென்னையிலேயே அந்த வருஷங்களில் இன்னொரு பெரிய வேலை நடந்தது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் வந்தது. காசநோயாளியை சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும், வீட்டில் வைத்தால் குடும்பமே போய்விடும் என்பது அன்றைய நம்பிக்கை. அது உண்மையா என்று சோதித்தார்கள். சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது மாதிரிப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், ஒரு பாதிக்கு வீட்டிலேயே மாத்திரை. 1959ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்றும் அதிகமாகவில்லை. மருந்து உள்ளே போனதும் தொற்றும் தன்மை சீக்கிரம் குறைந்துவிடுகிறது, பரவுவதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்னாலேயே பரவிவிடுகிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் ஊர்க் குடிசைகளில் நடந்த இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். எங்கள் தெருவுக்கு வராமல் இருந்தார்களே, அந்தப் பயத்துக்கான பதில் இரண்டு வருஷம் தாமதமாக வந்தது.

இப்போது வாட்ஸ்அப்பின் இரண்டாவது வரிக்கு வருவோம். செங்கல்பட்டு.

அப்போது திருவள்ளூர், பொன்னேரி, மீஞ்சூர் எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்தான். திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997ல். ஆய்வு நடந்தது இன்றைய செங்கல்பட்டில் அல்ல, நமக்கு மேற்கே திருவள்ளூரைச் சுற்றி. 1968ல் தொடங்கி 1971 வரை 209 கிராமங்கள், 9 நகரங்கள், சுமார் 3,60,000 பேரைச் சேர்த்தார்கள். உலகத்திலேயே பி.சி.ஜி.க்கு நடந்த மிகப் பெரிய ஆய்வு.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியம்மா வீடு திருவள்ளூர் பக்கம். கோடை விடுமுறைக்குப் போனபோது ஜீப்பும் எக்ஸ்ரே வண்டியும் வந்து நின்றது. பெரியவர்களை வண்டிக்குள் ஏற்றிப் படம் எடுத்தார்கள். பெரியம்மா பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். எனக்குப் போடவில்லை, நான் வெளியூர்க்காரி, கணக்கில் இல்லை. ஊசியில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால்தான் யாருடைய ஆசையும் முடிவைக் கெடுக்காது. பிறகு வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்து இருமுகிறவர்களின் சளியை வாங்கிப் போனார்கள். "இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று பெரியப்பா திட்டுவார், ஆனால் டப்பாவில் துப்பிக் கொடுத்துவிடுவார்.

ஏழரை வருஷக் கணக்கு 1979, 80ல் வெளிவந்தது. எல்லோருக்கும் அதிர்ச்சி. மருந்து போட்டவர்களுக்கும் வெறும் நீர் போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வருவதில் வித்தியாசம் இல்லை. 15 வருஷம் தொடர்ந்து பார்த்து 1999ல் மறுபடி வெளியிட்டார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, சிறுபிள்ளைகளுக்கு மிகக் கொஞ்சம். இங்கிலாந்தில் எண்பது, இங்கே பூஜ்யம். நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறு வகைக் கிருமிகள் உடம்பில் ஏற்கெனவே பழகியிருப்பது காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆக, ராஜாஜி கேட்ட கேள்விக்கு நம் பக்கத்து ஊர் ஜனங்கள் தோளைக் கொடுத்துப் பதில் வாங்கித் தந்தார்கள். பதில் பாதி அவர் பக்கம் என்றே சொல்லலாம். பெரியவர்களின் காசநோயை ஊசியால் ஒழித்துவிடலாம் என்ற அரசின் நம்பிக்கை நம் ஊரில் பொய்த்தது. இதை மறைத்துவிட்டு எவனிடமும் "ஊசி நல்லது" என்று நான் பேசமாட்டேன். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முடிவை வெளியிட்டது ராஜாஜியின் கட்சிக்காரர்கள் இல்லை. ஊசியை நம்பி ஆய்வை நடத்தியவர்களே, தங்களுக்கு எதிராக வந்த முடிவை அச்சடித்துக் கொடுத்தார்கள். மோசடி செய்பவன் அப்படிச் செய்யமாட்டான்.

மூன்றாவது வரி எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். செங்கல்பட்டில் அளந்தது நுரையீரல் காசநோயை. சளியில் கிருமி வெளிப்படும் வகை, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. கைக்குழந்தைக்கு மூளைச் சவ்வில் வருவதையோ, உடம்பெல்லாம் பரவுவதையோ அந்த ஆய்வு அளக்கவே இல்லை. அதை வேறு ஆய்வுகள் அளந்தன, அவற்றில் பாதுகாப்பு தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் செங்கல்பட்டு முடிவுக்குப் பிறகும், பிறந்த குழந்தைக்கு ஊசியை நிறுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கணக்கு வினாத்தாளில் பூஜ்யம் வாங்கியவனைத் தமிழிலும் பெயில் என்று எழுதிவிட்டது அந்த வாட்ஸ்அப் செய்தி.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் வந்தது நினைவிருக்கும். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருஷம். காலையில் பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார் கையில் எல்லாம் செல்போன், எல்லாவற்றிலும் ஒரே செய்தி. அது வெளிநாட்டுச் சதி, பிள்ளைகள் செத்துப்போகிறார்கள் என்று. தட்டம்மை ஊசி நம் நாட்டில் 1985லிருந்து போடுகிறோம், ரூபெல்லா சேர்ந்த ஊசியைத் தனியார் டாக்டர்கள் பல வருஷமாகக் காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள், அரசு இலவசமாகக் கொண்டுவரும்போதுதான் உங்களுக்குச் சந்தேகம் வருகிறதா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறதோ அதைப் பிடிக்காதவர்கள் ஊசியையும் திட்டினார்கள். அந்த ஊசிக்கு எந்தக் கட்சிக் கொடியும் கிடையாது. (காப்பீட்டு அட்டை பற்றி நடக்கும் சண்டையை இன்னொரு நாள் எழுதுகிறேன். அதில் இரண்டு பக்கமும் உருட்டுகிற உருட்டு இதைவிடப் பெரிது.)

இவ்வளவையும் போனில் அவனிடம் சொன்னேன். அண்ணன் கதை உட்பட. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் காற்று வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது, ஏரிக்கரையில் நின்றிருப்பான் போல.

"அப்ப பெரியாளுக்குப் பிரயோஜனம் இல்ல, பாப்பாவுக்கு உண்டு. அப்படித்தானே டீச்சர்?"

இதைத்தான் இரண்டாயிரம் வார்த்தையில் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பிலும் அவன் அப்படித்தான், கடைசி பெஞ்சு, ஆனால் விடை ஒரு வரியில் வரும்.

வீட்டில் யாராவது நாள்பட இருமுகிறார்களா என்று கேட்டேன். மாமியார் இரண்டு மாதமாக இருமுகிறார்களாம், கருவாடு காய வைக்கிற தூசு என்று விட்டுவிட்டார்களாம். ஊசியைவிட அது அவசரம்டா, முதலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சளி பரிசோதனை செய், அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது, பாப்பாவையும் அதே கையோடு டாக்டரிடம் காட்டி, வீட்டில் இப்படி ஒருவர் இருமுகிறார் என்று சொல்லு என்றேன். ஒரு வயது வரைக்கும் பி.சி.ஜி. போடலாம், நாள் தவறிவிட்டது என்று பயப்படாதே என்றும் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் போட்டோ வந்தது. பாப்பா வாயைத் திறந்து அழுகிறது, தாத்தா சிரிக்கிறார். மாமியாரின் சளி சோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஊசி போட்ட இடத்தில் சில வாரத்தில் சின்னக் கொப்புளம் வரும், உடைந்து புண்ணாகித் தானே ஆறும், மஞ்சளோ எண்ணெயோ எதையும் தடவக் கூடாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். குடும்பக் குழுவில் கைகூப்பியவர்களுக்கும் இதே பதிவுதான்.